பீரங்கி சரி, கொடி பிழை: 40 மில்லிமீற்றர் போஃபர்ஸ் மாதிரிப் பெட்டி

கண்டியில் விளையாட்டுப் பொருட்களும் படச்சட்டங்களும் விற்கும் ஒரு சிறிய கடையின் மேல்தட்டில் நெடுநாள் தூசி படிந்து கிடந்த பெட்டியொன்றை, கடந்த வைகாசி மாதத்தில் ரூபா 14,500 கொடுத்து ஹட்டனுக்குக் கொண்டுவந்தேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியத் தரைப்படை பயன்படுத்திய 40 மில்லிமீற்றர் போஃபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கியின் 35இல் ஒரு பங்கு அளவிலான பிளாஸ்டிக் மாதிரி அது. உள்ளே ஆறு பீரங்கி வீரர்கள், ஒரு டெக்கால் தாள் (நீரில் நனைத்து மாதிரியில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்), இரண்டு காகிதக் கொடிகள், படையணியின் அமைப்பை விளக்கும் பன்னிரண்டு பக்கக் கையேடு ஆகியனவும் இருந்தன. குறைகளையும் சொல்லப்போவதால் கடையின் பெயரையும் தயாரிப்பாளரின் பெயரையும் தவிர்க்கிறேன். பெட்டியின் முகப்பில் நான்கு சக்கரப் பீரங்கியும், அதன் பின்னால் வாலிரண்டு கொண்ட சிவப்புக் கொடியும் வரையப்பட்டிருப்பதால், தேடுபவர்களுக்கு அதை இனங்காண்பது கடினமாக இராது. அந்தச் சிவப்புக் கொடியே இந்த மதிப்புரைக்குக் காரணம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பீரங்கியைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. உண்மையான போஃபர்ஸின் குழல் 2.25 மீற்றர் நீளமானது. பெட்டியிலுள்ள குழலை அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது 64 மில்லிமீற்றர் காட்டியது. கணக்கும் அதுதான். குழலின் நுனியில் கூம்பாக விரியும் தீச்சுடர் மறைப்பான் தனித் துண்டாக, உள்ளே துளையிடப்பட்டு வந்திருக்கிறது. மலிவான மாதிரிகளில் இந்த இடத்தைத் திண்மமாக வார்த்துவிட்டு, நம்மையே துளையிடச் சொல்வார்கள். பீரங்கியைச் சக்கரங்களுடன் இழுத்துச் செல்லும் நிலையிலும், சக்கரங்களை அகற்றி அடித்தளத்தை நிலத்தில் இறக்கி, பக்கக் கைகளை விரித்து, நான்கு திருகுக் கால்களில் நிறுத்திய நிலையிலும் பூட்டலாம். உண்மையில் ஏறத்தாழ இரண்டு தொன் எடையுள்ள அந்த இரும்பைப் பயிற்சி பெற்ற குழுவினர் எவ்வளவு விரைவாக இறக்கி நிறுத்தினார்கள் என்பது, பக்கக் கைகளின் கீல்களைப் பூட்டும்போதுதான் விளங்குகிறது. எல்லாமே மடங்குவதற்கும் விரிவதற்கும் வடிவமைக்கப்பட்டவை. அவசரமானால் சக்கரத்தில் நின்றபடியே சுடவும் முடியும்.

இருபுறமும் இரண்டு இருக்கைகள் உள்ளன. ஒருவர் கைப்பிடியைச் சுழற்றிக் குழலை உயர்த்தித் தாழ்த்துவார்; மற்றவர் மேற்பகுதி முழுவதையும் இடம் வலமாகத் திருப்புவார். இந்த இருவரின் கைப்பிடிகளும் தலைமுடி அளவு மெல்லியவை. அவற்றைச் சட்டகத்திலிருந்து வெட்டும்போது ஒன்று முறிந்துவிட்டது. அது என் கத்தியின் குற்றம், பெட்டியின் குற்றமல்ல.

எனக்கு மிகவும் பிடித்த பாகம் தோட்டாக் கொத்துகள்தான். போஃபர்ஸுக்குத் தோட்டாக்களை நான்கு நான்காகக் கோத்த கொத்துகளாக மேலிருந்து இறக்குவார்கள். பெட்டியில் பன்னிரண்டு கொத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு தோட்டாக்களின் அடிவிளிம்பும் தனித்தனியாகத் தெரிகிறது. ஒரு முழுத் தோட்டாவின் எடை சுமார் 2.1 கிலோ; ஆகவே ஒரு கொத்து எட்டுக் கிலோவுக்கு மேல் வரும். இயந்திரத்தின் சுடும் வேகம் நிமிடத்துக்கு 120 என்பதால், நான்கு தோட்டாக்களும் இரண்டு விநாடிகளில் தீர்ந்துவிடும். அதாவது, மேடையின் பின்புறம் நிற்கும் மனிதர் இரண்டு விநாடிக்கு ஒரு முறை எட்டுக் கிலோவைத் தூக்கி, நேராக இறக்க வேண்டும். அவருக்குப் பின்னால் நிற்பவர் அடுத்த கொத்தை அவர் கைக்கு எட்டும் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வேகத்தில் ஒரு நிமிடம் தொடர்ந்து சுட்டால் அவர் கைவழியே போகும் எடை 250 கிலோவைத் தாண்டும். ஆகவே நடைமுறையில் அவ்வளவு வேகமாக நெடுநேரம் எவரும் சுடவில்லை. பெட்டியிலுள்ள ஆறு உருவங்களில் தோட்டா இறக்குபவரின் முழங்கால் சற்று மடங்கி, தோள் முன்தள்ளி வார்க்கப்பட்டிருக்கிறது. முழுக் கூடையோடு மலைச்சரிவில் நிற்பவர்களைத் தினமும் பார்க்கும் நமக்கு அந்த நிற்பு சரியானது என்பது கண்டவுடனேயே தெரியும்.

கையேட்டின் இன்னொரு நல்ல செய்தி, இந்தத் தோட்டா எங்கே போய் விழும் என்பதைப் பற்றியது. வானத்தை நோக்கிச் சுட்ட குண்டு விமானத்தில் படாவிட்டால், அது சொந்த ஊரின் கூரையில்தான் வந்து விழும். அதைத் தவிர்க்க, குண்டின் பின்புறத்து ஒளிச்சுவடு எரிந்து முடியும் தறுவாயில் குண்டு தானே வெடித்துவிடும்படி அமைத்திருந்தார்கள். அந்தச் சுவட்டையே கண்ணால் பின்தொடர்ந்து குறியையும் திருத்திக்கொண்டார்கள்.

குறிபார்க்கும் கருவிகளில் இரண்டு தெரிவுகள் தரப்பட்டிருக்கின்றன. ஒன்று சாதாரண வளையக் குறிகாட்டி. மற்றது 1943இல் பாவனைக்கு வந்த ஸ்டிஃப்கீ குறிகாட்டி. இங்கிலாந்தின் நோஃபோக் பகுதியில் விமான எதிர்ப்புப் பயிற்சி முகாம் இருந்த கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. இதை இயக்குவதற்குப் பீரங்கியின் அருகே இன்னொருவர் நின்று, விமானம் பறக்கும் திசைக்கேற்பக் குறிகாட்டியைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். கெரிசன் முன்கணிப்புக் கருவி பெட்டியில் இல்லை. முக்காலியில் நிறுத்தும் அந்தச் சதுரப் பெட்டி 500 இறாத்தலுக்கு மேல் எடையுள்ளது. விமானம் கோணத்தில் நகரும் வேகத்தைக் கணித்து, மின்பிறப்பாக்கியின் துணையோடு பீரங்கியைத் தானே திருப்பும். அதைத் தராதது குறையென்று சிலர் எழுதக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. இடம்விட்டு இடம் நகர்ந்துகொண்டே இருந்த களப்படைகளில் அந்தக் கருவியும் மின்பிறப்பாக்கியும் பெரும் சுமையாக இருந்தபடியால்தான் எளிய குறிகாட்டிகள் மேலோங்கின.

இனிக் கையேட்டின் அமைப்புப் படத்துக்கு வருகிறேன். இலேசு விமான எதிர்ப்புப் படையணி, அதாவது ரெஜிமென்ட், மூன்று பட்டரிகளைக் கொண்டது. கைவிளக்கில் போடும் பட்டரி என்று என் மருமகள் நினைத்தாள். பிழையில்லை, இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்தான். ஒவ்வொரு பட்டரியிலும் மூன்று ட்ரூப்கள். ஒவ்வொரு ட்ரூப்பிலும் ஆறு பீரங்கிகள். ஆகவே பட்டரிக்கு 18, ரெஜிமென்டுக்கு 54. கனரகப் படையணி வேறு விதமானது. அங்கே 3.7 அங்குலப் பீரங்கிகள் எட்டெட்டாக மூன்று பட்டரிகளில், மொத்தம் 24. அந்தப் பீரங்கியின் குண்டு மாத்திரம் 28 இறாத்தல் எடையுள்ளது. அது உயரத்தில் வரும் குண்டுவீச்சு விமானங்களுக்கு. போஃபர்ஸ் தாழப் பறந்து தாக்கும் விமானங்களுக்கு.

அம்புக்குறிகளும் கட்டங்களும் நிறைந்த அந்தப் படத்தைப் பதினோராம் தர மாணவியான மருமகளுக்கு விளக்க நான் எங்கள் தேயிலைத் தோட்டத்தைத்தான் துணைக்கு அழைத்தேன். ரெஜிமென்டுக்கு லெப்டினன்ட் கேணல். அவர் தோட்டம் முழுவதையும் நிர்வகிக்கும் பெரிய தொரை. பட்டரிக்கு மேஜர், அவர் டிவிஷனைப் பார்க்கும் சின்னத்தொரை. ட்ரூப்புக்குப் பொறுப்பான அதிகாரி, கங்காணிகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா. ஒவ்வொரு பீரங்கிக்கும் பொறுப்பான சார்ஜன்ட், ஆட்களை நேரில் நின்று வேலைவாங்கும் கங்காணி. பீரங்கிகள் ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான யார் தூரத்தில் பரவி நின்றதால், விமானம் திடீரென மேலே வரும்போது மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டிருக்க நேரமிராது; சுடும் முடிவு பெரும்பாலும் சார்ஜன்டின் வாயில்தான் இருந்தது. மலையின் மறுபக்கத்தில் ஆட்களுடன் நிற்கும் கங்காணியின் நிலைமையும் அதுவே. இந்த ஒப்பீடு முழுக்க என் கற்பனையும் அல்ல. ஐரோப்பியத் தோட்டத்துரைமாரைக் கொண்டு 1900இல் உருவாக்கப்பட்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையின் தலைமையகம் கண்டியிலேயே இருந்தது. பட்டாளத்து ஒழுங்கும் தோட்டத்து ஒழுங்கும் ஒரே மனிதர்களின் கையில் புழங்கியவை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தை நாம் இன்றும் பெரட்டுக்களம் என்கிறோம். அது 'பரேட்' என்ற பட்டாளச் சொல் நம் நாவில் உருண்டு வந்த வடிவம்.

கையேட்டில் ஒரு பக்கம் முழுவதையும் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், இது பாராட்டத்தக்கது. 1941 முதல் பிரித்தானியாவில் ஆண்களும் பெண்களும் கலந்த கனரகப் பட்டரிகள் அமைக்கப்பட்டன. பெண்கள் முன்கணிப்புக் கருவியையும் உயரம் அளக்கும் கருவியையும் ராடாரையும் இயக்கினார்கள். பிரதமர் சேர்ச்சிலின் மகள் மேரியும் அப்படியொரு பட்டரியில் பணியாற்றியவர். விமானம் எங்கே, எவ்வளவு உயரத்தில், குண்டு போய்ச் சேரும்போது எங்கே இருக்கும் என்பதையெல்லாம் கணித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் பீரங்கியைச் சுட அவர்களுக்கு அனுமதி இல்லை. இதை வாசித்துவிட்டு மருமகள், "கொழுந்து பறிக்கிறது நாம, தராசு பிடிக்கிறது அவுங்க. அது மாதிரியா மாமா?" என்று கேட்டாள். ஆம் என்றேன்.

இப்போது கொடி.

பெட்டியில் இரண்டு காகிதக் கொடிகள் தரப்பட்டிருக்கின்றன. ஒன்று பிரித்தானிய நாட்டுக்கொடி. அதில் சிக்கல் இல்லை. மற்றது சிவப்பு நிறத்தில் நுனி இரண்டாகப் பிளந்து, நடுவே குறுக்காக இரண்டு மஞ்சள் பீரங்கிகளும், அவை சந்திக்கும் இடத்தில் ஒரு குண்டும், மேலே எண்ணும், கீழே எழுத்தும் பொறித்தது. இதைக் கம்பத்தில் ஒட்டி பீரங்கியின் அருகே நட வேண்டும் என்றும், இது "படையணியின் கொடி" என்றும் பூட்டும் வழிகாட்டியின் கடைசிப் படி கூறுகிறது. இது முழுப் பிழை. அந்தக் கொடி அமெரிக்கத் தரைப்படையின் கரையோரப் பீரங்கிப் பிரிவின் கைக்கொடி. அந்த நாட்டில் போரின்போது விமான எதிர்ப்புப் பீரங்கிகள் அந்தப் பிரிவிலேயே இருந்தன. மேலுள்ள எண் படையணியையும், கீழுள்ள எழுத்து பட்டரியையும் குறிக்கும். அமெரிக்க அமைப்பும் வேறு. அங்கே ஒரு தானியங்கிப் பீரங்கிப் பட்டாலியனில் நான்கு பட்டரிகள், ஒவ்வொன்றிலும் எட்டு 40 மில்லிமீற்றர் பீரங்கிகளும், நான்கு குழல் கொண்ட எட்டு இயந்திரத் துப்பாக்கித் தொகுதிகளும் இருந்தன. இதே பீரங்கியின் அமெரிக்க வடிவத்தையும் இந்தத் தயாரிப்பாளர் விற்பதாகப் பெட்டியின் பக்கவாட்டில் விளம்பரம் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு அச்சடித்த தாளையே இதற்குள்ளும் போட்டுவிட்டார்கள் என்பது என் முடிவு.

பிழையான கொடிக்குப் பதில் சரியான கொடியைத் தந்திருக்கலாமே என்று கேட்டால், அப்படியொன்று இல்லை என்பதுதான் விடை. பிரித்தானிய அரச பீரங்கிப் படைக்குப் படையணிக் கொடி கிடையாது. காலாட்படையினர் தாம் வென்ற போர்களின் பெயர்களைப் பட்டுக்கொடியில் தைத்து, அதைத் தம் மானமாகக் காத்தார்கள். பீரங்கிப் படைக்கோ பீரங்கியே கொடி. அணிவகுப்பில் கொடிக்குச் செய்யும் மரியாதை பீரங்கிக்குச் செய்யப்படும். பகைவனிடம் பீரங்கியை இழப்பது கொடியை இழப்பதற்குச் சமம். போர்களின் பெயர்களைப் பொறிக்கும் வழக்கமும் அவர்களுக்கு இல்லை. எல்லாப் போர்களிலும் இருந்தவர்கள் என்பதால் 1830களில் நான்காம் வில்லியம் மன்னர் 'எங்கும்' என்று பொருள்படும் 'உபிக்வே' என்னும் இலத்தீன் சொல்லை அவர்களுக்கு வழங்கினார். ஜப்பானியத் தரைப்படையிலும் பேரரசர் வழங்கும் படையணிக் கொடி காலாட்படைக்கும் குதிரைப்படைக்குமே உரியதாக இருந்தது. அவர்களுடைய பீரங்கிப் படையினருக்கும் அது இல்லை. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பின் மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது கீழிருந்து சுட்ட பீரங்கிகளே தத்தம் படையணிகளின் கொடிகள். இந்த ஒரு செய்தியைத் தெரிந்தவர் எவரும் வழிகாட்டியின் கடைசிப் படியை எழுதியிருக்க முடியாது. பீரங்கியின் ஆணிக் கண்ணைக்கூட அளந்து வார்த்தவர்கள், அந்தப் பீரங்கி என்ன மரியாதைக்குரியது என்பதை விசாரிக்காமல் விட்டது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

வியப்பு என்னவென்றால், டெக்கால் தாளை வரைந்தவருக்கு விடயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. மேல்பாதி சிவப்பு, கீழ்பாதி நீலம், நடுவே வெள்ளை எண் 47 கொண்ட சதுரம் அதில் உள்ளது. காலாட்படை டிவிஷனை (தோட்டத்து டிவிஷன் அல்ல, பல படையணிகள் சேர்ந்த பெரும் படைப்பிரிவு) சேர்ந்த இலேசு விமான எதிர்ப்புப் படையணி தன் வாகனங்களில் தீட்டிய குறி அது. அதனருகே நீலச் சதுரத்தின் நான்கில் ஒரு பங்கு மட்டும் சிவப்பாக உள்ள சிறு குறிகள் இருக்கின்றன. சிவப்புக் கட்டம் எந்த மூலையில் இருக்கிறதோ அதைக் கொண்டு எந்தப் பட்டரி என்று அறிவார்கள். போர்க்களத்தில் உண்மையில் பயன்பட்ட அடையாளம் இதுவே. இழுவை வாகனத்தின் முன்பக்கத்தில் கையளவு வண்ணச் சதுரம். தெரிந்தவருக்குப் போதும், தெரியாதவருக்கு ஒன்றும் சொல்லாது.

தாளின் ஓரத்தில் தீயிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவையின் சின்னமும் உள்ளது. அது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் அடையாளம். அந்தத் தலைமையகம் 1944 ஏப்ரலில் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. பேராதனைச் சந்தியில் பஸ் மாறும்போதெல்லாம் எனக்கு இந்தப் பறவை நினைவுக்கு வரும். அதே கட்டளையகத்தின் கீழ் பறந்த நேசநாட்டு விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து சிவப்புப் பொட்டை அகற்றிவிட்டார்கள். ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்பி, நம் பீரங்கிக்காரரே நம் விமானத்தைச் சுட்டுவிடக் கூடாது என்பதே காரணம். கையேட்டில் இந்தச் செய்தி இல்லை. விமான எதிர்ப்புப் படையைப் பற்றிய நூலில் இதற்கு ஒரு வரியாவது கொடுத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரின் காலநிலை இந்தப் பெட்டிக்கு ஒத்துவரவில்லை. ஆனி, ஆடியில் ஹட்டனில் வெயிலைக் காண்பதே அரிது. மிளிர்ப்பூச்சு காயப் பெட்டி சொல்வது ஆறு மணித்தியாலம். எங்கள் வீட்டில் இரண்டு நாட்கள் எடுத்தன. டெக்கால் தாளும் அதன் மேலுறையும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, ஃபீனிக்ஸ் பறவையின் ஒரு சிறகு உறையோடு போய்விட்டது. இரும்பு டின்னில் அரிசியைப் போட்டு அதற்குள் மீதித் தாளை வைத்துக் காப்பாற்றினோம். குசினி அடுப்பின் மேலுள்ள தட்டில் உருவங்களைக் காயவைத்தது பயன் தந்தது. ஆனால் ஒரு வீரரின் தலைக்கவசத்தில் புகைக் கறை ஏறிவிட்டது. அது இயல்பாக இருப்பதாகச் சொல்லி, துடைக்க வேண்டாமென்று மருமகள் தடுத்துவிட்டாள்.

ஒரு திருகுக் கால் குறைவாக இருந்தது. கடையில் சொன்னபோது, மேல்தட்டுப் பொருளுக்குப் பொறுப்பில்லை என்று பற்றுச்சீட்டின் பின்புறத்தைக் காட்டினார்கள். தயாரிப்பாளருக்குப் படத்துடன் மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்து வாரத்தில் கால் தபாலில் வந்து சேர்ந்தது. கொடியைப் பற்றி அதே கடிதத்தில் எழுதிய இரண்டு பந்திகளுக்கு மாத்திரம் இன்றுவரை பதில் இல்லை.

விலைக்குப் பெறுமதி உண்டா என்றால், உண்டு. இருநூறுக்கு மேற்பட்ட துண்டுகள், சீரான வார்ப்பு, உண்மைக்கு இணங்கிய உருவங்கள், ஒரு படையணி எப்படி இயங்கியது என்பதைச் சொல்லும் கையேடு ஆகிய அனைத்தும் இந்த விலையில் எளிதில் கிடைக்கமாட்டா. பாடசாலைக்கு வாங்குபவர்கள் கையேட்டின் அமைப்புப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டலாம். முதன்முதலாக மாதிரி பூட்டும் சிறுவர்களுக்கு இது வேண்டாம். கைப்பிடிகள் அவர்களைச் சலிப்படையச் செய்துவிடும். சிவப்புக் கொடியை ஒட்டாதீர்கள். எங்கள் பீரங்கி இப்போது பாடசாலை நூலகத்தின் கண்ணாடி அலுமாரியில், கொடிக்கம்பம் இல்லாமல் நிற்கிறது. கம்பத்துக்கென்று அடித்தளத்தில் விட்டிருந்த துளையைத் தோட்டாக் கொத்துகளின் பெட்டியொன்றால் மறைத்துவிட்டோம். மலைநாட்டில் இருந்து வாங்குகிறவர்கள் தை மாதம் பிறக்கும்வரை பொறுத்து வாங்குங்கள். அப்போதுதான் பூச்சு காயும்.